மூன்றாவது ஞாயிறு

போன வாரம் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவர், பக்கத்து ஊர் வாசகர் வட்டத்துக்காரர், வேலை முடிந்தும் கிளம்பாமல் நின்றார். "அண்ணே, உங்க லைப்ரரியில மாசாமாசம் நடக்குற நிகழ்ச்சிக்கு எப்படி ஆள் வருது? நாங்களும் ஆரம்பிச்சோம். முதல் மாசம் அறுபது பேர், மூணாவது மாசம் ஏழு பேர். நாலாவது மாசம் நடத்தவே இல்ல" என்றார். அன்றைக்குக் கடையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம். நிதானமாகப் பதில் சொல்ல முடியவில்லை, "தேதியை மட்டும் மாத்தாதீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது பாதிப் பதில்தான் என்று ராத்திரி முழுக்க உறுத்தியது. மீதியை இங்கே எழுதுகிறேன், அவரும் படிப்பார் என்று நம்புகிறேன்.

எங்கள் ஊர் மன்னார்குடியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். நூலகம் என்று சொன்னால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம், ஒரே ஒரு நீளமான அறை, முன்னால் ஒரு தாழ்வாரம், பின்னால் ஒரு வேப்பமரம், அவ்வளவுதான். கிளை நூலகம். வெள்ளிக்கிழமை விடுமுறை, மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. நூலகர் ஒருவர். ஊரில் சின்னவர் பெரியவர் எல்லாருமே அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறோம், அதனால் இங்கேயும் அக்கா என்றே எழுதுகிறேன்.

எங்கள் நிகழ்ச்சி நடப்பது மாதத்தின் மூன்றாவது ஞாயிறு. ஏன் அந்த நாள் என்று பலர் கேட்பதுண்டு. நாங்கள் உட்கார்ந்து யோசித்துத் தேர்ந்தெடுத்த நாள் இல்லை அது. 2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை விடியற்காலை, கஜா புயல் அடித்தது. நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம், அந்த வாரத்துக்காக நோட்டீஸ் அடித்து, பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளின் பெயரெல்லாம் எழுதி வைத்திருந்தோம். புயல் போன பிறகு எங்கள் தெருவில் நின்ற தென்னை மரம் மூன்று. மற்றதெல்லாம் சாலையில். ஞாயிற்றுக்கிழமை, அதாவது 18ஆம் தேதி, அக்கா எப்படியோ மரங்களைத் தாண்டிச் சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்து நூலகத்தைத் திறந்தார். தெற்குப் பக்கத்து ஓடுகள் பறந்துபோய், மூன்று அலமாரி முழுக்க நனைந்து, தரையில் கணுக்கால் அளவு தண்ணீர். அவர் வாசலில் நின்று அழுதுகொண்டிருந்ததைப் பார்த்துத்தான் நாங்கள் ஏழெட்டுப் பேர் உள்ளே போனோம்.

ஈரமான புத்தகத்தை எப்படிக் காயவைப்பது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. நான் ஒரு புத்தகக் கட்டைத் தூக்கி வெயிலில் வைக்கப் போனேன். எங்கள் தெருவில் ஒரு பெரியவர், அந்தக் காலத்து அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்தவர், அதட்டினார். "வெயில்ல வெச்சா அட்டை அப்பளம் மாதிரி சுருண்டுடும் தம்பி, நெழல்ல வை." அவர் சொன்னபடி செய்தோம். இருபது பக்கத்துக்கு ஒரு பழைய செய்தித்தாள் தாளைச் செருகி, புத்தகத்தை விசிறி மாதிரி விரித்து நிற்கவைப்பது, செய்தித்தாள் ஈரத்தை இழுத்ததும் உருவிவிட்டு வேறு தாள் செருகுவது. பழைய செய்தித்தாளுக்கு நூலகத்தில் பஞ்சமா? மெல்லிய புத்தகங்களைத் தாழ்வாரத்தில் கயிறு கட்டி, துணி காயப்போடுவது போல நடுவில் பிரித்துத் தொங்கவிட்டோம். கரன்ட் வர எத்தனையோ நாள் ஆனது, அதுவரை மின்விசிறி கிடையாது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் புத்தகத்தைத் திருப்பி வைப்பதே வேலையாக இருந்தது. சாதாரணத் தாளில் அச்சடித்தவை பிழைத்துக்கொண்டன. பிள்ளைகளுக்கான வண்ணப் படப் புத்தகங்கள்தான் போயின, அந்த வழவழ தாள் ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல்லாகிவிட்டது.

அந்த வேலைக்குப் பிள்ளைகள் வந்தார்கள், பள்ளிக்கூடம் மூடியிருந்ததால். காலேஜ் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த பையன்கள் வந்தார்கள். வீட்டு ஓடு பறந்துபோன பெண்கள், தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த நேரத்தில் குடத்தை வாசலில் வைத்துவிட்டு வந்து தாள் செருகினார்கள். தாள் செருகுகிறவர்கள் சும்மா செருகுவார்களா, கையில் இருக்கும் பக்கத்தை வாசித்துப் பார்ப்பார்கள், நன்றாயிருந்தால் மற்றவருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டுவார்கள். சாயங்காலம் பார்த்தால் நூலகத்தில் முப்பது பேர் உட்கார்ந்திருந்தோம், ஐந்து வயதிலிருந்து எழுபது வயது வரை. அதற்கு முன்னால் எங்கள் நூலகத்தில் அப்படி ஒரு நாள் இருந்ததே இல்லை. கிளம்பும்போது அக்கா, "அடுத்த மாசமும் இதே ஞாயித்துக்கிழமை வாங்க" என்றார். டிசம்பரில் மூன்றாவது ஞாயிறு போனோம். கொரோனா ஊரடங்கில் நூலகமே மூடியிருந்த மாதங்களைத் தவிர, அன்றிலிருந்து இன்றுவரை அந்த நாள் மாறவில்லை.

தேதியை மாற்றாதீர்கள் என்று நான் சொன்னதற்குக் காரணம் ஒரு கெட்ட அனுபவம். இரண்டாம் வருடமோ என்னவோ, பெரிய ஆள் ஒருவரைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டோம். அவர் ஞாயிறு வேண்டாம், அடுத்த புதன் மாலை என்றார், சரி என்று மாற்றினோம். மைக் செட், வரவேற்பு வளைவு, பொன்னாடை, எல்லாம் உண்டு. எண்பது பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து அப்படியே அழைத்து வந்து ஒன்றரை மணி நேரம் உட்காரவைத்தோம். அவர் வரவில்லை. ஒரு பெண் குழந்தை பசியில் அழுததை இன்னும் மறக்க முடியவில்லை. போகட்டும் என்று அடுத்த மூன்றாவது ஞாயிறு பார்த்தால், வழக்கமாக வருகிறவர்களில் பாதிப் பேர் இல்லை, "இந்த மாசம்தான் புதன்கிழமை முடிஞ்சிருச்சே" என்று நினைத்துவிட்டார்கள். அன்றோடு விருந்தினருக்காகத் தேதி மாற்றுவதை விட்டோம், பொன்னாடையையும் விட்டோம். எழுத்தாளரோ மருத்துவரோ யார் வந்தாலும் எங்களோடு பாயில்தான் உட்காருவார், அவருக்குப் பிடித்த ஒரு புத்தகத்தை அவர் பெயர் எழுதி நூலகத்தில் சேர்த்துவிடுவோம். இதுவரை யாரும் மனம் கோணவில்லை.

யாருமே வராவிட்டாலும் நடத்துங்கள். ஒரு ஐப்பசி மழையில் நாங்கள் ஐந்து பேர்தான், அதில் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர். நடத்தினோம். அந்த ஒதுங்கியவர் இப்போது வாசகர் வட்டத்தின் பொருளாளர்.

இப்போது ஒரு நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். காலை ஆறரைக்கே தாழ்வாரத்தில், அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு எழுதுகிற பிள்ளைகள் வந்துவிடுவார்கள். எந்த ஊர் நூலகத்துக்குப் போனாலும் தினமும் தவறாமல் வருகிறவர்கள் இவர்கள்தான், ஆனால் நிகழ்ச்சி என்று யோசிக்கும்போது இவர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, இவர்கள் ஏதோ நாற்காலியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் என்பது போல. எனக்கு இதில் வருத்தம் உண்டு. இவர்களுக்கு மாதம் ஒரு மாதிரித் தேர்வு வைக்கிறோம், 200 கேள்வி, மூன்று மணி நேரம், 300 மதிப்பெண், நிஜத் தேர்வு மாதிரியே. விடைக்கான வட்டத்தைக் கருப்பாக்குகிற ஓஎம்ஆர் தாளை என் கடையில் அடித்துக் கொடுக்கிறேன். தமிழ்ப் பகுதியில் 150க்கு 60 வாங்காவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் தமிழ்தானே என்று அசட்டையாக இருந்த பையன்கள் இங்கே முதல் தேர்வில் 52, 55 வாங்கி முகம் வெளுத்திருக்கிறார்கள். அப்புறம் அந்த ஐந்தாவது வட்டம். விடை தெரியாவிட்டால் சும்மா விடக்கூடாது, 'E' என்ற வட்டத்தைக் கருப்பாக்க வேண்டும், கடைசியில் எந்த எழுத்தை எத்தனை தடவை நிரப்பினோம் என்று எண்ணி எழுத வேண்டும். பாடம் நன்றாகத் தெரிந்த பெண்கூட முதல் தடவை அந்த எண்ணிக்கையில் தடுமாறினாள். நாலு மாதம் வந்தாள், கை பழகிவிட்டது.

ஒன்பதரைக்குத் தேர்வு முடியும். முடிந்ததும் அவர்களே உள்ளே பாய் விரித்துவிடுவார்கள், ஏனென்றால் பத்து மணிக்குச் சின்னப் பிள்ளைகள். கதை வாசிக்கிறவர்களும் இந்தக் குரூப் 4 அண்ணன்களும் அக்காக்களும்தான். வெளியிலிருந்து கதைசொல்லி வந்தால் நல்லது, ஆனால் மாதாமாதம் யார் வருவார்கள்? ஒரு படப் புத்தகம், அதைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு நிறுத்தி நிறுத்தி வாசிக்கத் தெரிந்த ஒரு ஆள், அது போதும். அப்புறம் விடுகதை. அப்புறம் பழைய செய்தித்தாளில் தொப்பி, கப்பல், கொக்கு. பதினொன்றரைக்குச் சுண்டல். அறுபது பேருக்கு மூன்று கிலோ கொண்டைக்கடலை, முந்தின நாள் ராத்திரியே ஊறப்போட வேண்டும், மறந்துவிட்டால் அன்றைக்குப் பொட்டுக்கடலை உருண்டைதான்.

இங்கேதான் என் பதிலின் இரண்டாவது பாதி வருகிறது. வயதைப் பிரித்துக் கதவைச் சாத்தாதீர்கள். எங்களுக்கு ஒரே அறை என்பதால் பிரிக்க வழியில்லாமல் போனது, அது எவ்வளவு பெரிய நல்லது என்று பிறகுதான் தெரிந்தது.

நாலாம் வகுப்புப் பையன் ஒருவன், பெயர் வேண்டாம், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். மற்றப் பிள்ளைகள் முன்னால் வாசிக்கச் சொன்னால் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வேப்பமரத்தடிக்குப் போய்விடுவான். அதே நேரத்தில் மூலையில் தினமும் பேப்பர் படிக்கிற ஒரு தாத்தா, கண்புரை ஆபரேஷன் முடிந்து பச்சைத் துணி கட்டிக்கொண்டு, படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியும் நூலகத்துக்கு வராமல் இருக்க முடியாமல் வந்து உட்கார்ந்திருந்தார். பையன் கிட்டே போனான். "தம்பி, இந்தத் தலைப்பு என்னன்னு சொல்லேன்" என்றார். அவன் "கா...வி...ரி...யில்" என்று ஆரம்பித்தான். தாத்தா அவசரப்படுத்தவில்லை, அவருக்கு அவசரமே இல்லை, சாப்பாட்டு நேரம் வரை அங்கேதானே இருக்கப் போகிறார். அடுத்து 'வினாடிக்கு' என்ற சொல்லில் மாட்டிக்கொண்டான். "ரெண்டு சுழியா மூணு சுழியா பாரு." "ரெண்டு தாத்தா." "அப்ப வினாடி. மேட்டூர்ல எவ்வளவு தண்ணி திறந்திருக்கான்னு படி, அதுதான் எனக்கு வேணும்." அந்த ஒரு செய்தியைப் படித்து முடிக்க அரை மணி நேரம் ஆனது. தாத்தாவுக்கு உண்மையிலேயே அந்தக் கணக்கு தேவைப்பட்டது, குறுவைக்கு நாற்றங்கால் போட்டிருந்தார். தேவைப்படுகிற ஒருவருக்கு வாசித்துக் காட்டுகிறோம் என்பது அந்தப் பையனுக்குப் புரிந்தது, அதை நான் அவன் முகத்தில் பார்த்தேன். கண் சரியான பிறகும் தாத்தா ஆறு மாதம் கண் தெரியாத மாதிரியே இருந்தார். பையன் இப்போது ஏழாம் வகுப்பு, போன மாதம் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை வாசித்தது அவன்தான்.

பிள்ளைகளுக்குத் தனி நாள், முதியோருக்குத் தனி நாள் என்று வைத்திருந்தால் இவர்கள் இரண்டு பேரும் சந்தித்திருக்கவே மாட்டார்கள். நேரம் பிரிக்கலாம், அது தேவைதான், ஆனால் அடுத்த நேரம் வந்துவிட்டது என்று யாரையும் எழுப்பி அனுப்பாதீர்கள்.

பெண்கள் விஷயத்தில் நாங்கள் செய்த தவறையும் சொல்ல வேண்டும். முதல் ஒரு வருடம் பெண்களுக்கான நேரம் காலை பதினொன்று என்று வைத்துவிட்டு, ஏன் யாரும் வருவதில்லை என்று எங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருக்கிறவர் எப்படி வருவார்? இதைக் கேட்கக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை. என் மனைவி ஒரு நாள் சொன்ன பிறகு மாலை நாலரைக்கு மாற்றினோம், அடுத்த மாதமே இருபது பேர். 2023இல் மகளிர் உரிமைத் தொகைக்கு மேல்முறையீடு செய்வது எப்படி என்று ஒரு மாதம் சொல்லிக் கொடுத்தோம், அன்றைக்கு நூலகத்தில் நிற்க இடமில்லை. விண்ணப்பத்துக்காக வந்தவர்களில் ஒன்பது பேர் அன்றே உறுப்பினர் ஆனார்கள். காப்புத் தொகை, சந்தா இரண்டையும் சேர்த்தாலும் ஓட்டலில் ஒரு வேளை டிபனுக்கு ஆகிற காசு வராது. அது தெரியாமலேயே பலர் இவ்வளவு வருஷம் வாசலைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். தையல் வேலை செய்கிற ஒரு அக்கா மாதம் மூன்று நாவல் எடுக்கிறார், கால் மிதியில் இருக்க, கண் மட்டும் பக்கத்தில் இருக்கும் என்று அவர் மகள் சொன்னாள்.

பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பீர்கள். முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள், நூலகம் யாரோ தர்மத்துக்கு நடத்துவது இல்லை. உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று ஒன்று இருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. 1948இல் அன்றைய சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது, சுதந்திர இந்தியாவில் முதல் நூலகச் சட்டம் அதுதான். அதற்காகப் பாடுபட்டவர் எஸ்.ஆர். ரங்கநாதன், நம் சீர்காழிக்காரர், ஆகஸ்ட் 12 நூலகர் தினம் என்று கொண்டாடுவது அவருக்காகத்தான். அவர் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதி வெளியிட்டது 1931இல். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பவை அதில் இரண்டு. அதே 1931இல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகங்களை அடுக்கி ஊர் ஊராகக் கொண்டுபோக ஏற்பாடு செய்தார். எங்கள் மண்ணில் நடந்தது இது, பிள்ளைகளுக்கு வருஷம் ஒரு தடவையாவது சொல்லிவிடுவோம். சுண்டல் செலவுக்கும் பாய்க்கும் நூலகத்தில் தனி நிதி கிடையாது, அதை வாசகர் வட்டம் பார்த்துக்கொள்கிறது. ஆயிரம் ரூபாய் கட்டினால் நூலகப் புரவலர் ஆகலாம், பலகையில் பெயர் எழுதுவார்கள். பிறந்தநாள், கல்யாண நாள் என்று யார் செலவு செய்யக் கேட்டாலும் நாங்கள் கேக் வேண்டாம், இதைக் கட்டுங்கள் என்போம். இப்படியே நாற்பத்து மூன்று பேர் சேர்ந்திருக்கிறார்கள்.

அப்புறம் வெற்றிலைப் பாட்டி. கடைத்தெருவில் வெற்றிலை விற்றவர், வயது எண்பதுக்கு மேல், ஒரு எழுத்துகூடத் தெரியாது. பேரனைக் கொண்டுவந்து விட வந்தவர், கதை வாசிப்பதைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "இதுல என்ன இருக்கு, நான் சொல்றேன் கேளு" என்று ஒரு கதை சொன்னார். பிள்ளைகள் அசையவில்லை. அன்றிலிருந்து மாதம் ஒரு கதை. பத்தாம் வகுப்பு படிக்கிற ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொள்கிறாள், பாட்டி சொன்ன சொல்லை மாற்றாமல். 'சொளவு' என்றால் 'சொளவு'தான், 'முறம்' என்று திருத்தமாட்டாள். எழுதியதை அடுத்த மாதம் பாட்டிக்கே வாசித்துக் காட்டுவாள், பாட்டி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு யாரோ சொன்ன கதை மாதிரி கேட்பார், நடுவில் "அங்க தப்பு, அவ மூத்தவ இல்ல, எளயவ" என்பார். இரண்டு நோட்டு நிரம்பிவிட்டது. பதிவேட்டில் ஏற்ற வழியில்லை என்று அக்கா அதை மேசைக்குப் பின்னால் தனித் தட்டில் வைத்திருக்கிறார், கேட்பவர்கள் அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம்.

வருகிற மூன்றாவது ஞாயிறு நூலக வாரத்துக்குள்ளேயே வருகிறது. கஜாவில் ஒட்டிப்போன படப் புத்தகங்களில் ஒன்றை அக்கா தூக்கிப்போடாமல் வைத்திருக்கிறார், அதைக் கொண்டுவந்து நடுவில் வைப்போம், புதிதாக வந்த பிள்ளைகள் பிரித்துப் பார்க்க முயற்சி செய்வார்கள். பாட்டி இந்த முறை கதை இல்லை, 1952ஆம் வருடப் புயலைச் சொல்கிறேன் என்றிருக்கிறார். கார்த்திகையில் நாகப்பட்டினம் பக்கம் கரையேறிய அந்தப் புயலின்போது அவருக்கு எட்டு வயது, மாட்டுக் கொட்டகையில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தாராம். அந்தப் பெண்ணுக்குப் புது நோட்டு ஒன்று வாங்கிக் கடையில் வைத்திருக்கிறேன். பக்கத்து ஊர் நண்பரே, காலை பத்து மணி, நீங்களும் வாங்க. சுண்டல் உண்டு.